பொருநைக்கரைப் பள்ளிகளும் கூட்டாலோசனையும்

பாபநாசத்துக்கு நீராட வரும் நம்மவர் பாபநாசநாதரையும் உலகம்மையையும் வணங்கியபின் மலைமீதேறிக் கல்யாண தீர்த்தம் காணச் செல்வது வழக்கம். அகத்தியர் பெயரை அங்கே சொல்லாதார் இல்லை. ஆனால் அவ்விடத்தில் 1925-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நிகழ்ந்த ஒரு துயரத்தை நினைப்பவர் இப்போது மிகச் சிலரே. நீரில் அகப்பட்ட தம் மகள் சுபத்திரையைக் காக்கப் புகுந்த வ. வே. சு. ஐயர், மகளோடு தாமும் அங்கே மறைந்தார். அப்போது அவருக்கு வயது 44. அவர் நிறுவிய பள்ளி அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே அவர் கையை விட்டுப் போயிருந்தது. நாம் ஈண்டு எழுதப் புகுந்தது அவர் மறைவைப் பற்றியன்று. அந்தப் பள்ளி ஏன் நிலைக்கவில்லை என்பதைப் பற்றியும், அதே தென்னாட்டில் வேறு சில பள்ளிகள் எங்ஙனம் நிலைத்தன என்பதைப் பற்றியுமேயாம்.

இதனை இப்பொழுது எழுத நேர்ந்த காரணத்தையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறோம். மலையடிவாரத்துச் சிற்றூர்களில் நம் சமூகத்தார் வைத்து நடத்தும் பள்ளிகளும், பிற சமூகத்தாரும் பாதிரிமாரும் நடத்துவனவும், அரசாங்கத்தாரின் பள்ளிகளும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தொலைவில் உள்ளன. ஒவ்வொன்றிலும் பிள்ளைகளின் தொகை குறைந்து வருகிறது. ஒரு பள்ளியில் கட்டிடம் உண்டு, ஆசிரியர் போதவில்லை. அடுத்ததில் ஆசிரியர் உண்டு, மழை பெய்தால் வகுப்பில்லை. அயற்பள்ளிகளின் தலைமையாசிரியர்களோடு கலந்து வரும் ஐந்தாண்டுக்கு ஒரு திட்டம் வகுக்கலாம் என்று நம் கூட்டத்தில் ஒருவர் கூறியபோது, 'நம் பணம், நம் பள்ளி, நம் பிள்ளைகள்; இதில் அயலாருக்கு என்ன வேலை?' என்று மற்றொருவர் எழுந்து வினவினார். கைதட்டலும் கிடைத்தது. கைதட்டியவர்களுள் நாமும் இருந்தோம் என்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். வீடு திரும்பிய பின்னரே அக்கேள்விக்குச் சரித்திரம் என்ன விடை கூறுகின்றது என்று பார்க்கத் தோன்றியது.

பல பள்ளிகளை ஒரு திட்டத்தின்கீழ்க் கொணரும் எண்ணம் இந்நாட்டுக்குப் புதியதன்று. சென்னை இராஜதானியில் கவர்னராயிருந்த ஸர் தாமஸ் மன்றோ, 1822-ஆம் ஆண்டில், ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பள்ளிகள் உள்ளன, யார் யார் படிக்கிறார்கள் என்று கணக்கெடுத்து அனுப்புமாறு கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். திண்ணைப் பள்ளிகளையும் உள்ளிட்ட அக்கணக்கு முழுதும் வந்து சேரச் சில ஆண்டுகள் ஆயின. 1826-ஆம் ஆண்டில் அவர் எழுதிய குறிப்பின்படி இராஜதானி முழுவதிலும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணாக்கரும் இருந்தனர். ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. நாட்டில் கல்வியே இல்லை என்று எண்ணியிருந்தோர்க்கு இது வியப்பாயிருந்தது.

அதன்மேல் மன்றோ ஒரு திட்டம் வகுத்தார். ஒவ்வொரு ஜில்லாவிலும் இந்துக்களுக்கு ஒன்றும் முகமதியர்க்கு ஒன்றுமாக இரண்டு கலெக்டர் பள்ளிகள். ஒவ்வொரு தாலுகாவிலும் ஒரு தாசில்தார் பள்ளி. இவற்றுக்கு வேண்டிய ஆசிரியர்களைப் பயிற்றச் சென்னையில் ஒரு தலைமைப் பள்ளி. கலெக்டர் பள்ளியாசிரியருக்கு மாதம் 15 ரூபாய், தாசில்தார் பள்ளியாசிரியருக்கு 9 ரூபாய் சம்பளம். ஏட்டில் இது அழகிய ஏற்பாடு. ஆயினும், 1827-ஆம் ஆண்டில் மன்றோ வாந்திபேதியால் இறந்தார். 1836-ஆம் ஆண்டில் அப்பள்ளிகளும் எடுபட்டன. ஆசிரியர்க்குப் பயிற்சி போதவில்லை என்றும், சம்பளம் குறைவென்றும், ஆங்கிலக் கல்வியின்பால் அரசாங்கத்தார் நாட்டம் சென்றது என்றும் காரணங்கள் கூறுவர். அவை உண்மையே. எமக்கு முதன்மையாகத் தோன்றுவது வேறொன்று. பன்னீராயிரத்துக்கு மேற்பட்ட ஊர்ப்பள்ளிகளை எண்ணிக் கணக்கெடுத்தவர்கள், அவற்றின் ஆசிரியர் ஒருவரையாவது அழைத்து, 'உமக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டதாகத் தெரியவில்லை. புதிய பள்ளிகள் மேலிருந்து இறங்கின. பழைய பள்ளிகள் அவற்றோடு யாதொரு தொடர்புமின்றி அப்படியே இருந்தன. இறக்கி வைத்தவர் போனதும் ஏந்திக்கொள்ள எவருமில்லை.

நிற்க. இனி நம் பொருநைக்கரைக்கே வருவோம்.

1922-ஆம் ஆண்டின் இறுதியில் வ. வே. சு. ஐயர் கல்லிடைக்குறிச்சியில் ஒரு தமிழ்க் குருகுலம் தொடங்கினார். பின்னர் அது சேரமாதேவிக்கு மாறிற்று. பாரத்துவாச ஆசிரமம் என்பதும் அதன் பெயர். லண்டனிலும் பாரிஸிலும் புதுச்சேரியிலும் நாட்டுவிடுதலைக்காக அலைந்தவரும், குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும், கம்பனைப்பற்றிச் சிறையிலிருந்தே நூலெழுதியவருமாகிய அவரைப் போன்ற ஒருவர் ஆற்றங்கரையில் அமர்ந்து சிறுவர்க்குப் பாடம் சொல்ல முன்வந்தாரென்றால் எந்த நாட்டுக்கும் அது பெரும்பேறே. அங்கே தமிழும் பிறவும் கற்பிக்கப்பட்டதோடு, கைத்தொழிலும் உடற்பயிற்சியும் பயிற்றப்பட்டன. 'பாலபாரதி' என்னும் மாதப் பத்திரிகையும் அங்கிருந்து அவரால் நடத்தப்பட்டது. அரசாங்கப் பள்ளிகளுக்கு மாறாக ஊர்தோறும் தேசியப் பள்ளிகள் எழ வேண்டும் என்ற அக்காலத்து ஆர்வத்துக்கு அக்குருகுலம் ஒரு முன்மாதிரியாகும் என்று பலரும் நம்பினர். எல்லா வகுப்பாரும் பொருள் தந்தனர். தமிழ்நாட்டுக் காங்கிரஸ் 10,000 ரூபாய் தருவதாக முடிவு செய்து, முதலில் 5,000 ரூபாயைக் கொடுத்தது.

அந்த நம்பிக்கை முழுதும் ஒரு பந்தியில் உடைந்தது. பிராமணச் சிறுவர் இருவர் மற்றையோருடன் சேர்ந்துண்ணாமல் தனியே உண்ண இடமளிக்கப்பட்டிருந்தது. அவ்விருவரின் பெற்றோர்க்கு ஐயர் அவ்வாறு வாக்குக் கொடுத்திருந்தார். செய்தி வெளிப்பட்டபோது, எல்லார் பணத்திலும் நடக்கும் தேசியப் பள்ளியில் உண்ணும் இடத்தில் உயர்வு தாழ்வா என்று டாக்டர் வரதராஜுலு நாயுடுவும், அப்போது காங்கிரஸில் பொறுப்பேற்றிருந்த ஈ. வே. ராமசாமியாரும் கிளர்ந்தெழுந்தனர். மீதிப்பணம் நிறுத்தப்பட்டது. 1925-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளிலும் கூட்டங்களிலும் இதுவே பேச்சாயிற்று. காந்தியடிகளிடமும் வழக்குச் சென்றது. முன்னரே கொடுத்த வாக்கு அவ்விரு சிறுவரளவில் நிற்கட்டும், இனிச் சேர்ப்பவர்க்கு அவ்வாறு இடமளிக்கலாகாது என்னும் கருத்துப்பட அவர் சமாதானம் கூறினார். ஒருவரும் மனம் நிறையவில்லை. பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டலாகாது என்று எஸ். இராமநாதன் கொணர்ந்த தீர்மானம் தமிழ்நாட்டுக் காங்கிரஸில் நிறைவேறியபோது சிலர் பதவி விலகினர். ஐயரும் குருகுலப் பொறுப்பை விட்டார். பின்பு நடந்தது கல்யாண தீர்த்தத்து நிகழ்ச்சி. குருகுலம் வேறொருவர் பொறுப்பில் சிலகாலம் நடந்து நலிந்தது.

இவ்வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஒரே ஓலையில் எழுதப் பழகும் சிறுவரை இரண்டு இடத்தில் உண்ணச் செய்தது தவறு. ஆயினும், ஐயரைச் சாதிப்பித்தர் என்று தூற்றுவோருடன் நாம் சேர்வதற்கில்லை. தம்மளவில் அவர் எல்லாருடனும் உண்பவரே என்று அவரோடு பழகியவர்கள் எழுதியிருக்கின்றனர். அவருடைய பிழை வேறு. பலர் பணமும் பலர் பிள்ளைகளும் சேர்ந்த ஓரிடத்தில், இருவர்க்கு மட்டும் தாம் ஒருவராகவே ஒரு வாக்கைக் கொடுத்தார். பணம் தந்தோரையும் பிள்ளைகளை அனுப்பியோரையும் முதலிலேயே கூட்டி, 'பந்தி எப்படி?' என்ற ஒரே கேள்வியை வெளிப்படையாக வைத்திருப்பாராயின், சிலர் விலகியிருப்பர். சில ஆயிரம் ரூபாய் குறைந்திருக்கும். பள்ளி மிஞ்சியிருக்கும் என்றே நாம் எண்ணுகிறோம். பெரியவர் ஒருவரின் தோள்மீது மட்டும் நிற்கும் பள்ளி அவர் தோள் சாயும்போது சாய்கிறது. இதற்கு அத்தோளின் வலிமை ஒரு பரிகாரமன்று.

இதற்கு நேர்மாறான ஒரு சரித்திரம் வடக்கே அறுபது எழுபது மைல் தொலைவில், விருதுபட்டியில் நடந்தது. இன்று விருதுநகர் என்று வழங்கும் அவ்வூர் 1910-ஆம் ஆண்டில் இராமநாதபுரம் ஜில்லா பிரிக்கப்படும் வரையில் நம் திருநெல்வேலி ஜில்லாவையே சேர்ந்திருந்தது. ஆகவே அதனை நம் வீட்டுச் செய்தியாகவே கொள்ளலாம். அங்கே நாடார் உறவின்முறையார் 1889-ஆம் ஆண்டில் க்ஷத்திரிய வித்தியாசாலையைத் திறந்தனர். மற்றொரு சமூகத்தார் செய்ததை நம் சங்கப் பத்திரிகையில் புகழலாமோ என்று சிலர் கேட்கக்கூடும். நல்லது எங்கிருந்தாலும் கற்றுக்கொள்ளாத சமூகம் தன் பிள்ளைகளுக்கு எதனைக் கற்பிக்கும்?

அப்பள்ளியின் அடிப்படை 'மகிமை' என்னும் பொதுநிதி. வாணிகஞ் செய்வோர் தாம் வாங்கி விற்கும் சரக்கின்மீது இவ்வளவென்று ஒரு சிறுதொகையை உறவின்முறைக்குச் செலுத்துவர். அது ஒருவர் கொடை அன்று. ஆதலின் ஒருவர் கோபத்தால் நின்றுபோவதுமன்று. பெரிய வியாபாரியின் நூறு ரூபாயும் சிறு கடைக்காரனின் ஓரணாவும் ஒரே பெட்டியில் விழுந்தன. குடும்பத்தலைவர்கள் கூடிய அவையில் அதன் வரவுசெலவு வைக்கப்பட்டது. இதற்கு மேலாகப் 'பிடியரிசி' என்றொரு முறையும் இருந்தது. சமைக்க அரிசி அளக்கும் பெண்மக்கள் ஒரு பிடியைத் தனியே கலயத்தில் இட்டுவைத்து, அதனைப் பள்ளிக்குக் கொடுத்தனர். ஏழையென்று சொல்லிக்கொள்பவரும் பிடியரிசிக்கு ஏழையல்லர். அவ்வரிசியைக் கொடுத்த தாய், தன் பிள்ளை பள்ளிக்குப் போகாமல் வீட்டிலிருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாளா என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

அக்காலத்தில் அச்சமூகத்தாருக்குப் பல கோயில்களின் வாயில் திறக்கப்படவில்லை. 1897-ஆம் ஆண்டில் கமுதிக் கோயில் நுழைவுபற்றித் தொடங்கிய வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரையிற் சென்று 1908-ஆம் ஆண்டில் அவர்களுக்கு மாறாகவே முடிந்தது. இடையில் 1899-ஆம் ஆண்டின் சிவகாசிக் கலவரம் வேறு. அவ்வளவு கசப்புக்கிடையிலும் அவர்கள் பள்ளியை விடவில்லை. தம் பள்ளிகளில் பிற வகுப்புப் பிள்ளைகளும் பயில இடந்தந்தனர். 'நம் பணம், நம் பள்ளி' என்று கதவை அடைக்க எவர்க்கேனும் நியாயமிருந்ததென்றால் அவர்களுக்கே இருந்தது. அவர்கள் அடைக்கவில்லை. எமது கைதட்டலைப்பற்றி நாம் நாணியது இவ்விடத்தைப் படித்தபோதுதான்.

1910-ஆம் ஆண்டில் பொறையாற்றில் தோன்றிய நாடார் மகாஜன சங்கம் இவ்வழியை மேலும் நீட்டியது. உயர்கல்விக்கு அச்சங்கம் தந்த உதவித்தொகை இனாமன்று, கடன். படித்து வேலையில் அமர்ந்தவர் திருப்பிச் செலுத்த, அத்தொகை அடுத்துப் படிப்பவர்க்குச் செல்லும். இன்று படிக்கிறவனே பத்தாண்டுக்குப் பின் படிக்கப்போகிறவனுக்குப் புரவலன் ஆகிறான். வருங்காலத்தை நோக்கி வகுத்த ஏற்பாடு என்பதற்கு இதனினும் எளிய உதாரணம் எமக்குத் தெரியவில்லை. (திருப்பிச் செலுத்தாதாரும் இருந்திருப்பர். நம் சங்கத்துக் கல்விநிதியின் பேரேட்டைப் புரட்டியவர்க்கு அதனை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.)

அந்த வித்தியாசாலையில் படித்த சிறுவருள் ஒருவர் காமராசர். படிப்பு இடையில் நின்றது வேறு செய்தி. அவர் 1954-ஆம் ஆண்டில் முதன்மந்திரியானார். அதற்கு முந்திய ஆண்டில் கிராமப் பள்ளிகளுக்கென்று அவசரமாகக் கொண்டுவரப்பட்ட அரைநாட் படிப்புத் திட்டம், ஆசிரியரையும் பெற்றோரையும் கலவாமற் செய்யப்பட்டதென்ற பெருங்கண்டனத்துக்கு ஆளாகி, அவர் பதவியேற்றதும் கைவிடப்பட்டது. பின் அவரும் கல்வித்துறைத் தலைவராகிய நெ. து. சுந்தரவடிவேலுவும் செய்த வேலையை நோக்கினால், விருதுபட்டியின் பிடியரிசிக் கலயத்தை நாடு முழுதுக்கும் வைத்ததுபோலவே காணப்படுகின்றது.

முதலாவது பகலுணவு. 1956-ஆம் ஆண்டில், அப்போது திருநெல்வேலி ஜில்லாவிலிருந்த எட்டயபுரத்தில், பாரதியார் பிறந்த மண்ணில், அதனைக் காமராசர் தொடங்கிவைத்தார். ஊரார் தாமே அரிசியும் பருப்பும் தொகுத்து உணவிடுவதாகவே அது முதலில் இருந்தது. 1957-ஆம் ஆண்டில் அரசாங்கத்தார் மானியம் தர முன்வந்தபோதும், ஒரு பிள்ளையின் ஓருணவுக்கு மதிப்பிட்ட 10 நயா பைசாவில் 6 பைசாவே அரசாங்கத்துடையது. மீதி 4 பைசா ஊராருடையது. அந்த நான்கு பைசாவின் பயன் நான்கு பைசாவளவன்று. அதனைக் கொடுத்தமையால் ஊரார் பள்ளிக்கூடத்துக்குள் வந்து பார்த்தனர். ஒரே சோறு, ஒரே வரிசை. முப்பதாண்டுகட்கு முன் சேரமாதேவியில் தீர்க்கப்படாமற் போன கேள்வி ஊர்தோறும் பள்ளித் தாழ்வாரத்தில் நாடோறும் தீர்க்கப்பட்டது. எல்லா ஊரிலும் எளிதில் தீர்ந்தது என்று சொல்ல நாம் துணியோம். ஆயினும் விதி இன்னதென்று முதலிலேயே எல்லாரும் அறிந்திருந்தனர்.

இரண்டாவது பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். 1958-ஆம் ஆண்டில் செங்கற்பட்டு ஜில்லாவிலுள்ள கடம்பத்தூரில் அவை தொடங்கின. அவற்றின் நடைமுறையே நம் கருத்துக்கு மிக வேண்டுவது. ஒரு வட்டாரத்திலுள்ள பள்ளிகள் ஒவ்வொன்றும் தனக்கு வேண்டியவற்றைப் பட்டியல் எழுதும்: கூரை, சுவர், பெஞ்சு, கரும்பலகை, தேசப்படம், கடிகாரம், தண்ணீர்ப்பானை, ஏழைப் பிள்ளைகளுக்குச் சட்டை. ஆசிரியரும் ஊர்ப்பெரியோரும் அதனைக்கொண்டு வீடு வீடாகச் செல்வர். பின் பல பள்ளிகளும் சேர்ந்து ஓரிடத்தில் மாநாடு கூட்டி, எவ்வூரார் எதனைச் செய்து முடித்தனர், எது எஞ்சியுள்ளது என்பதை எல்லார் முன்னும் படிப்பர். பக்கத்தூர்ப் பள்ளியில் நாற்பது பெஞ்சு வந்துவிட்டதென்று கேட்டபின் நம்மூரார் வெறுங்கையோடு வீடு திரும்ப மனங்கொள்வரோ? தருமத்தைவிட மானம் விரைவாக வேலை செய்யும்; சுந்தரவடிவேலு பள்ளிப்பிள்ளைகளுக்கும் ஊர்ப்பெரியோர்க்கும் பொதுவான இக்குணத்தை நன்கு அறிந்திருந்தார்.

டாக்டர் கோத்தாரி தலைமையில் 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கல்விக் கமிஷனும் இவ்வகைச் சேர்க்கையையே ஓர் ஒழுங்குபடுத்திக் கூறிற்று. ஒரு நடுநிலைப் பள்ளியைச் சுற்றிலுமுள்ள எட்டுப் பத்துத் தொடக்கப் பள்ளிகள் அதனோடு இணைந்திருக்க வேண்டும். அத்தகைய கூட்டங்கள் பல சேர்ந்து ஓர் உயர்நிலைப் பள்ளியோடு இணைய வேண்டும். அவ்வட்டாரத்துத் தலைமையாசிரியர் அனைவரும் ஒரு குழுவாய் அமர்ந்து திட்டமிட வேண்டும் என்பது அதன் பரிந்துரை. ஆய்வுக்கூடமும் நூல்நிலையமும் ஒவ்வொரு சிறுபள்ளிக்கும் வாங்க இயலாது. ஒன்றில் வைத்து எல்லாரும் பயன்கொள்ளலாம். இதனை 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் மீண்டும் எடுத்தோதியது. அக்கொள்கையின் பிறபகுதிகளைத் தமிழ்நாட்டார் மறுப்பது வேறு வழக்கு; அதனுள் நாம் புகவில்லை. சேர்க்கை என்ற பெயரால் சிறுபள்ளிகளை மூடிவிடுவரோ என்னும் அச்சமும் காரணமற்றதன்று. மலையடிவாரத்தில் ஒரு பள்ளி மூடினால், அடுத்த பள்ளிக்கு ஆறு வயதுக் குழந்தை வாய்க்காலைக் கடந்து போகவேண்டியிருக்கும். ஆகையால் கூட்டு வேறு, கலைப்பு வேறு என்பதை எழுத்திலேயே வைத்துக்கொள்ளுதல் நலம்.

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுக்களை ஏற்படுத்தி, வளர்ச்சித் திட்டம் ஒன்றையும் எழுதச் சொல்லுகிறது. வரும் மூன்றாண்டுகளில் வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள் சேர்வர், எத்தனை ஆசிரியர் வேண்டும், எந்தக் கட்டிடம் வேண்டும், எவ்வளவு பணம் வேண்டும் என்பன அதில் வரவேண்டும். இக்கணக்கைத் தனிப்பள்ளி ஒன்று எழுதவே இயலாது என்பது எம் துணிபு. ஓர் ஊரில் பிறக்கும் குழந்தை நம் பள்ளிக்கு வருமா, அடுத்த பள்ளிக்குப் போகுமா, அம்பாசமுத்திரத்துக்கு வண்டியேறுமா என்பதை நாம் மட்டும் அமர்ந்து எப்படிக் கணிப்பது? நான்கு பள்ளிகளும் தத்தம் பதிவேட்டை ஒரே மேசைமேல் விரித்தால் ஒரு பகலில் தெரிந்துவிடும்.

இதனை நம் வேளாண்மக்கள் அறியாதவரல்லர். பாபநாசத்துக்குக் கீழே கோடைமேலழகியான் தொடங்கித் திருவைகுண்டம் ஈறாகப் பொருநையின் குறுக்கே எட்டு அணைகள் உண்டு. ஒவ்வோரணைக்கும் கால்வாயும், கால்வாய்க்கு மடையும், மடைக்கு முறையும் உண்டு. 'என் மடை, என் தண்ணீர்' என்று மேல்மடைக்காரர் சொல்லத் தொடங்கினால் கடைமடையில் நாற்று கருகும். அடுத்த ஆண்டு வழக்கு மன்றத்தில் இருவர் பணமும் கருகும். ஆற்றுக்குக் கூட்டம் போடத் தெரிந்த நாம் பள்ளிக்குப் போடாமலிருக்கிறோம்.

ஆகவே நம் சங்கத்தாரின் கவனத்துக்கு ஒரு வேண்டுகோள். வரும் சித்திரை விஷுத் தீர்த்தத்துக்கு நம்மவர் பலரும் பாபநாசம் வருவர். மறுநாட் காலை நம் சத்திரத்தில் மலையடிவாரத்துப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களையும் நிர்வாகிகளையும் கூட்டலாம் என்று எண்ணுகிறோம். நம்முடையவரை மட்டுமன்று, எல்லாரையும். அழைப்பு ஒருவர் பெயரால் செல்லாமல் நான்கு பள்ளிகளின் பெயராற் செல்லுமாயின் நன்று. வருவோர் தத்தம் பள்ளியின் கடந்த ஐந்தாண்டுச் சேர்க்கைப் பதிவேட்டையும், தமக்கு வேண்டியவை, பிறர்க்குத் தரக்கூடியவை என்று இரண்டு பட்டியல்களையும் எழுதிக் கொணர்தல் வேண்டும். இரண்டாவது பட்டியல் வெறுமையாயிருப்பின் அதனையும் கொணரலாம். பிறர் பட்டியலைக் கேட்கும்போது ஏதேனும் நினைவுக்கு வரும். கூட்டுநிதி, அதற்கு ஒவ்வொரு பள்ளியும் இடும் பங்கு, கணக்கை யார் எப்பொழுது படிப்பது என்பன அன்றே பேசி எழுதப்பட வேண்டியவை. பகலுணவு சத்திரத்திலேயே நடைபெறும். எல்லார்க்கும் ஒரே பந்தி.